முப்பத்தாறு கிலோ குறைவு

முட்டை வண்டி ஓட்டுகிற மருமகளுக்குக் கார் பந்தய ஆசை வந்தால் என்ன ஆகும்? கூடத்தில் கார் சீட்டு வந்து உட்காரும், அதில் மாமனார் வந்து உட்காருவார், அதுதான் ஆகும்.

சிரிக்காதீர்கள். ஒன்பது வருடமாக விடியற்காலையில் எழுந்து, மொத்த வியாபாரியின் வேனில் தட்டுத் தட்டாக முட்டை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுகிறவள் அவள். வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டால் வேன் முழுக்க மஞ்சள் கரு வழியும். எந்தத் திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் காலை எடுப்பது, பிரேக்கை எப்படித் தொட்டும் தொடாமலும் விடுவது என்பதெல்லாம் அவள் உள்ளங்காலுக்கே தெரியும். மற்ற டிரைவர்கள் வாய் கிழியப் பேசிக்கொண்டே வருவார்கள். அவள் ஒரு முட்டை உடையாமல் அவர்களுக்கு முன்னால் போய் நின்று கணக்குச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பாள்.

"உனக்கு எதிர்ல ஸ்டாப் வாட்ச்சோட ஒருத்தன் நின்னா எப்படி இருக்கும்!" என்று முதலில் அவளை உசுப்பிவிட்டவரே மாமனார்தான். தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவர். பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவார். தராசு பிறகு வந்து ஆமாம் போடும். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்ட வீட்டில் மாமனாரும் மருமகளும் பேச ஆரம்பித்தால் பிள்ளைக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, பேச இடமே கிடைக்காது. அவன் லேத் பட்டறைக்காரன். நாள் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருபவனுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கார் என்று வாங்கியதைக் கார் என்று சொன்னால் காருக்கே சிரிப்பு வரும். பத்தொன்பது வயதுச் சின்ன வண்டி. முன்பு வைத்திருந்தவர் அதில் கோழித் தீவனம் ஏற்றியிருந்தார். எங்கே கை வைத்தாலும் தவிடு உதிரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூன்று பேரும் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். பின் சீட்டு, தரைக் கம்பளம், ரேடியோ, கதவின் உள் அட்டை எல்லாம் வெளியே வந்தன. சத்தம் கேட்காமலிருக்கத் தரையில் ஒட்டியிருந்த தார்ப் பட்டையை அவள் உளி வைத்துச் சுரண்டினாள். லேத்காரன் புது ஷாக் அப்சார்பர் மாட்டினான். வண்டி உருண்டால் தலை தப்புவதற்கு உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்தான். கழற்றிய ஒவ்வொன்றையும் மாமனார் கையில் ஏந்திப் பார்த்து, "ரெண்டே கால் கிலோ" என்பார். வயிற்றில் ஆபரேஷன் ஆவதற்கு முந்தின வாரம் வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தவர் நாற்பத்தெட்டே கிலோ. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. ஐம்பத்திரண்டுக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் கவலையில்லை என்றார் டாக்டர். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ பாருங்க மாமா, நீங்க அம்பத்திரண்டு ஆகாம நான் எந்தப் பந்தயத்துக்கும் பேர் குடுக்கப் போறதில்ல."

"ஏம்மா, எனக்கும் உன் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? பேர் குடுக்க ரெண்டு மாசம்தான் இருக்கு."

"அப்ப ரெண்டு மாசத்துல ஏறுங்க."

குளியலறையில் இருந்த எடை மெஷினைத் துடைத்துக் கூடத்தில் வைத்தாள். அதுவும் வண்டிக்கு அக்காதான். முள் வைத்த பழைய மெஷின். கண்ணாடியில் ஒரு மூலை விரிசல் விட்டு, பூஜ்யம் முதல் ஐந்து வரை மறைகிற மாதிரி எந்தக் காலத்திலோ பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் ஐந்து கிலோவுக்குக் கீழே ஆள் இல்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் முதல் வேலை மாமனாரை அதன்மேல் ஏற்றுவதுதான். முதல் மூன்று வாரம் முள் நாற்பத்தெட்டிலும் நாற்பத்தொன்பதிலும் சண்டித்தனம் செய்தது. அவள் வேளைக்கு ஒன்று சமைத்து, ஊட்டாத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரும் பாவம், மறுக்காமல் விழுங்குவார். பிறகு என்ன மாயமோ, வாரம் அரை அரைக் கிலோவாக ஏற ஆரம்பித்தது. பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் முள் ஐம்பத்திரண்டைத் தொட்டது. அவள் கையில் இருந்த கரண்டியோடு அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அன்று மதியமே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்தது வண்டியின் எடை. சின்ன வண்டிப் பிரிவில் அறுநூற்று நாற்பது கிலோவுக்குக் குறையக்கூடாது. வண்டியின் எலும்பையே அறுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பார்களே என்று வைத்த சட்டம். கூடினால் தடையில்லை, ஆனால் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் நேரத்தைத் தின்னும். லேத்காரன் ஒரு கனத்த பலகையைக் கொண்டுவந்தான். ஒரு முனைக்கு இரும்பு உருளை, மறுமுனைக்கு அந்த எடை மெஷின். சக்கரத்தைப் பலகையில் உருளையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிறுத்தினால், மெஷின் மூன்றில் ஒரு பங்கு பாரத்தைக் காட்டும். அதை மூன்றால் பெருக்கி, பட்டறைத் தராசில் நிறுத்து வைத்த பலகைக் கணக்கைக் கழித்து, நாலு சக்கரத்துக்கும் இப்படியே பார்த்துக் கூட்டினால் வண்டியின் எடை. "டேய், என் பிள்ளைடா நீ!" என்று மாமனார் கைதட்டினார்.

கூட்டினால் அறுநூற்று எழுபத்தாறு வந்தது.

"இன்னும் முப்பத்தாறு கிலோவா?" என்று அவள் தலையில் கை வைத்தாள். எங்கிருந்து எடுப்பது? உரிக்க வேண்டியதையெல்லாம்தான் உரித்தாயிற்றே. கடைசியில் மிச்சமிருந்த பக்கத்து சீட்டைக் கழற்றினார்கள். மாற்றுச் சக்கரத்தை இறக்கினார்கள். பின்கதவுக் கண்ணாடிகளையும் அவற்றைத் தூக்கி இறக்கும் யந்திரத்தையும் பிடுங்கினார்கள். மறுபடி நிறுத்தபோது அறுநூற்று நாற்பது, முடி பிசகாமல். கழற்றிய சீட்டுக்கு லேத்காரன் நாலு கால் வைத்துக் கொடுக்க, மாமனார் கூடத்தில் அதில் சாய்ந்துகொண்டு, "ராஜா ஆசனம்டா" என்றார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

பந்தய மைதானம் என்பது யாரும் பயன்படுத்தாத பெரிய சிமென்ட் தளம். வழி நெடுகச் சிவப்புக் கூம்புகளை நட்டு வைத்திருந்தார்கள். கூம்பை இடிக்காமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறாரோ அவர் ஜெயித்தார். அவள் வண்டியை ஓட்டி வர, பின்னால் முட்டை வேனில் லேத்காரனும் மாமனாரும், மாமனாரின் சீட்டும். வழியில் டயர் போனால் இருக்கட்டும் என்று அந்த மாற்றுச் சக்கரத்தையும் வேனில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் பளபளவென்று நின்ற வண்டிகளுக்கு நடுவே மாமனார் தம் ஆசனத்தைப் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவரிடமெல்லாம், "என் மருமக ஓட்டறா" என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

பரிசோதகர் தொப்பி வைத்த பருத்த மனிதர். நாலு சக்கரத்துக்கும் நாலு தட்டு வைத்த மின்சாரத் தராசில் வண்டியை ஏற்றச் சொன்னார். எண்ணைப் பார்த்தார். தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அறுநூத்தி நாலு. முப்பத்தாறு கிலோ குறையுதும்மா. இத ஓட விட முடியாது."

"சார், சரியாப் பாருங்க. நாங்க மூணு வாட்டி நிறுத்தோம்."

"என் தராசு போன வாரம்தான் சோதிச்சு முத்திரை வாங்கினது. வீட்டுல எதுல நிறுத்தீங்க?"

லேத்காரன் பலகைக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தான். அவள் அதைக் கேட்கவில்லை. முப்பத்தாறு. எடுத்ததும் முப்பத்தாறு, குறைவதும் முப்பத்தாறு. அப்படியானால் எடுத்திருக்கவே கூடாது. மெஷின்தான் கூட்டிக் காட்டியிருக்கிறது. நாலு சக்கரத்துக்கு முப்பத்தாறு என்றால் சக்கரத்துக்கு ஒன்பது. பலகை அதை மூன்றால் பெருக்கிற்று. ஒன்பதை மூன்றால் வகுத்தால் மூன்று. மெஷின் மூன்று கிலோ கூடக் காட்டுகிறது. அவள் திரும்பி மாமனாரைப் பார்த்தாள். எடைக் கணக்கில் அவளைவிட வேகமான மனிதர். அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆசனத்தில் ஒடுங்கி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் முன்னால் போய்க் குந்தினாள்.

"மாமா, அந்த மெஷினுக்கு அடியில முள்ளத் தள்ளி வைக்கிற திருகு ஒண்ணு இருக்கில்ல?"

"...இருக்கு."

"திருப்பினீங்களா?"

"வாரம் கொஞ்சம் கொஞ்சமா. பிளாஸ்திரி இருந்துச்சா, ஆள் ஏறாதப்ப முள்ளு எங்க நிக்குதுன்னு யாருக்கும் தெரியல. வண்டிய அதுல நிறுத்தப் போறீங்கன்னு நெனக்கவே இல்லம்மா. நிறுத்தப்போ கை வேற தட்டினேன் பாரு, அப்பவும் இந்தக் கூமுட்டைக்கு ஞாபகம் வரல."

"அப்ப நீங்க இன்னும் நாப்பத்தொம்பதுதான்."

அவர் தலையாட்டினார்.

அவளுக்கு வந்த கோபத்தில் மைதானமே மங்கியது. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கீங்களே மாமா! முப்பத்து நாலு வருஷம் ஒரு கிராம் பொய் சொல்லாத மனுஷன்! உங்களுக்கு எதாவது ஒண்ணு ஆகியிருந்தா? ஏறிடுச்சு ஏறிடுச்சுன்னு நான் பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கிட்டிருந்தேனே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "என்னங்க, வண்டிய இறக்குங்க. வீட்டுக்குப் போலாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை, டாக்டர் வரமாட்டார்" என்றார் மாமனார் மெதுவாக.

"மாமா!"

"திட்டு. எவ்வளவு வேணா திட்டு. ஆனா ஒண்ணு கேளு." அவர் அவள் கையைப் பிடித்தார். அந்தக் கையில் எலும்பும் நரம்பும்தான் இருந்தன. "நீ போடறதெல்லாம் சாப்பிடத்தான் சாப்பிட்டேன். ஏறல. ஏறாத எடைக்கு நீ ஏன் நிக்கணும்? வீட்டுல ஒருத்தன் படுத்தாப் போதாதா? இந்த வண்டி இல்லேன்னா அந்தப் படுக்கையில எனக்கு நெனக்க என்ன இருந்துச்சு சொல்லு. எனக்கு மூணு கிலோ ஏத்த எத்தன மாசமாகுமோ. வண்டிக்கு முப்பத்தாறு கிலோ ஏத்த ஒரு மணி நேரம் போதும். முடியறத மொதல்ல முடி."

பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்றார்.

மாமனார் எழுந்து நின்றார். தள்ளாட்டத்தை மறைக்க வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, தாம் உட்கார்ந்திருந்த சீட்டைக் காலால் தள்ளினார். "பதினாலு கிலோ. எடுத்துக்க."

அவள் அவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து சீட்டைத் தூக்கினாள்.

லேத்காரன் நாலு காலையும் கழற்றினான். பழைய ஓட்டைகளிலேயே சீட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. வேனிலிருந்து மாற்றுச் சக்கரம், பன்னிரண்டு கிலோ. பத்து கிலோ இன்னும் வேண்டுமே என்று விழித்தபோது, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பட்டறையிலிருந்து எடுத்து வந்த இரும்புத் தட்டை மாமனார் கையால் தூக்கக்கூட இல்லை, கண்ணால் பார்த்தே, "பத்தேகால்" என்றார். பக்கத்து வண்டிக்காரர் துளை போடும் மெஷினைக் கொடுத்தார். பின் சீட்டு இருந்த இடத்தில் தட்டை போல்ட் போட்டு முறுக்கினார்கள். தராசில் ஏற்றினால் அறுநூற்று நாற்பதரை. பரிசோதகர் கதவில் அனுமதிச் சீட்டை ஒட்டினார்.

அவள் ஓட்டினாள். பக்கத்தில் காலி சீட்டு குலுங்க, முட்டை ஏற்றியிருப்பதாக நினைத்துக்கொண்டு கூம்புகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனாள். பதினோரு பேரில் நான்காவதாக வந்தாள். ஒரு கூம்பைக்கூட இடிக்காதவள் அவள் ஒருத்திதான். மாமனார் கத்திய கத்தலில் அவருக்கு இருமல் வந்து, லேத்காரன் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றியவள் அவர்களிடம் வரவில்லை; நேராகப் பந்தயம் நடத்துகிறவர்களின் மேசைக்குப் போய் எதையோ எழுதிக் கொடுத்துவிட்டு, பரிசோதகரோடு திரும்பி வந்தாள்.

"மாமா, வாங்க. தராசுல ஏறுங்க."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். அடுத்த பந்தயத்துக்குப் பேர் குடுத்துட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. "எடை பாக்காமயா? நீதானே சொன்ன..."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். உங்களப் பொய் சொல்ல வச்சது நான்தான். இனிமே அது வேற, இது வேற. நீங்க ஏறினாலும் ஓட்டுவேன், எறங்கினாலும் ஓட்டுவேன். ஆனா எனக்கு நெசமான எடை தெரியணும் மாமா. நாளைக்கு டாக்டர்கிட்ட அதச் சொல்லணும்."

மாமனார் லேத்காரனின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு ஷூவையும் கழற்றித் தள்ளி வைத்தார். சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்தையும் எடுத்து மகனிடம் கொடுத்தார். தட்டின்மேல் ஏறி நின்று, பரிசோதகர் வாயைத் திறப்பதற்குள், பார்சல் கவுண்டரில் கேட்ட அதே குரலில் தாமே படித்தார்.

"நாப்பத்தெட்டு, எட்டு நூறு."

அவள் அதை வண்டியின் எடைச் சீட்டுக்குப் பின்னால் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் வேனில் ஏறவில்லை. காரில் சீட்டு இருந்ததே. கூண்டுக் குழாய்க்குள் தலையைக் குனிந்து நுழைந்து தம் ஆசனத்தில் உட்கார்ந்தார். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டி, அது தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து மறுபடி இறுக்கினாள். வழி முழுக்க அவர் தூங்கிக்கொண்டு வந்தார். அவள் இடது ஓரமாகவே ஓட்டினாள், பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் முன்னே போகவிட்டாள்.