கடைசிச் சரணத்து விசில்

தொண்டை அறுவைக்குப் பிறகு ஜாஸ்பினுக்குப் பேச்சு திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. இரணியல் பக்கத்துச் சபையொன்றின் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடம் உச்சக் குரல் பாடியவள். இப்போது வேலை பார்க்கும் தபால் நிலையக் கவுண்டரில், “ஆதார் நகல் உண்டா?” என்று கேட்டாலே வரிசையில் நிற்பவர்கள் காதைக் கிட்டே கொண்டுவந்தார்கள். டாக்டர் முன்னமே சொல்லித்தான் இருந்தார். நரம்பு இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்று. இப்படி ஆயிற்று.

விசில் மட்டும் வந்தது. ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தானாக வந்தது. விரல் வைக்காமல், உதட்டைக் குவித்து. ஞானப்பாட்டின் கடைசிச் சரணத்தில் மற்றக் குரல்களுக்கு மேலே தனியாகப் போகுமே, அவள் பாடிவந்த அந்த மெட்டு. குழாயை மூடிவிட்டு முழுவதையும் அடித்துப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை.

விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. பயிற்சியில் அடித்துக் காட்டினாள். கீபோர்டு வாசிக்கும் கணக்கு டீச்சர் ஜினிஷா கைதட்டினாள். சபைச் செயலாளர் யேசுரத்தினம் தட்டவில்லை.

“இது கோயிலா, தியேட்டரா?”

“பாட்டு ஞானப்பாட்டுதானே அண்ணன்,” என்றாள் ஜாஸ்பின்.

“பாட்டு சரி. பெம்பிள விசிலடிச்சா ஆருக்கு ஜெபம் வரும்?”

“புல்லாங்குழல் ஊதலாம், இல்லியா?”

“அது குழலு.”

“இது உதடு. ரெண்டுலயும் காத்துதான் போவுது.”

“ஏட்டி, எனக்கு நீ சயன்ஸ் படிப்பிக்காத.”

சபை ஆயரிடம் போனாள். ஆயர் செயலாளரைக் கேட்கச் சொன்னார். செயலாளர் கமிட்டியில் வைத்தார். கமிட்டி தீர்மானம் போட்டது: ஜாஸ்பின் வழக்கம்போல் வெள்ளைச் சேலையில் குழுவோடு நிற்கலாம், வாயசைத்தால் போதும். மேல் மெட்டைக் கீபோர்டு வாசிக்கும். அதில் விசில் டோன் இருக்கிறது.

“அதுக்க விசிலு பாவமில்லியா?” என்று கேட்டாள் ஜாஸ்பின்.

“அது மெஷினுல்லா,” என்றார் யேசுரத்தினம். “அதுக்கு ஏது உதடு?”

பண்டிகையன்று பீடத்தின் முன் மட்டி வாழைக்குலைகளும் சேனைக்கிழங்கும் கால் கட்டிய கோழிகளும் குவிந்திருந்தன. ஜாஸ்பினைப் பின்வரிசை ஓரத்தில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிறுத்தினார்கள். மூன்று சரணம் வாயசைத்தாள். வாய்க்குள் எச்சில் உலர்ந்தது. கடைசிச் சரணம் எழுந்தது. கீபோர்டு விசிலடித்தது. மூச்சே எடுக்காத விசில். முதல் வரி முடிகிற இடத்தில் நிற்காமல் அடுத்ததில் போய் இடித்தது.

ஜாஸ்பின் உதட்டைக் குவித்தாள்.

முன்னால் நின்றவளின் தோள் விறைத்தது. ஆனால் அவள் திரும்பவில்லை. ஜினிஷா ஒருமுறை பார்த்தாள். பிறகு வலது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மீதி வரிகளை ஜாஸ்பின் ஒருத்தியாகவே கொண்டுபோனாள். ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது.

வெளியே ஏலத்துக்குக் குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யேசுரத்தினம் கண்ணைத் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டால் துடைத்துக்கொண்டே ஜினிஷாவிடம் வந்தார்.

“கடைசிச் சரணம் உருக்கிப்போட்டு டீச்சரே. கிறிஸ்மசுக்கும் அந்த டோனையே வையுங்க.”

“அண்ணன், அது நானாக்கும்,” என்றாள் ஜாஸ்பின்.

“எது?”

“விசிலு.”

அவர் ஜினிஷாவைப் பார்த்தார்.

“நான் முதல் வரியோட கையை எடுத்துட்டேன்,” என்றாள் ஜினிஷா.

துவர்த்து தோளுக்குப் போனது. “கமிட்டி தீர்மானத்த மீறியாச்சு, என்னா?”

“உருக்கிப்போட்டுன்னு இப்பந்தான சொன்னிய.”

“கீபோர்டுன்னு நெனச்சில்லா சொன்னேன்.”

“நெனப்பா உருக்கிச்சு, அண்ணன்?”

“கிறிஸ்மஸ் பயிற்சிக்கு நீ வரண்டாம்.”

“அந்த டோன்ல இப்பிடி வராது அண்ணன்,” என்றாள் ஜினிஷா. “எவ்வளவு வாசிச்சாலும் வராது.”

யேசுரத்தினம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“அப்பம் நல்ல கீபோர்டு ஒண்ணு வாங்குவோம்.”

கோழி ஏலத்துக்கு யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் நடந்தார். ஜாஸ்பின் அவர் முதுகைப் பார்த்து, உள்ள பலமெல்லாம் கூட்டிக் கத்தினாள். காற்றுதான் வந்தது.