கூரைக்குக் கீழே ஒருத்தி

2006 பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கு, மெட்டுகுடாவில் ஜலஜா வாசல்படியைத் தாண்டி வெளியே வைத்த கால் வீட்டுக் கூடத்திலேயே வந்து விழுந்தது. பதினோரு முறை முயன்றாள். பின்கதவு வழியாகப் போனபோது சமையலறையில் வந்து நின்றாள். அவளை மாதாப்பூருக்கு ஏற்றிப்போக வந்த அலுவலக வண்டி பத்து நிமிடம் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. பால்காரரும் பேப்பர்காரரும் கணவர் விஸ்வநாத்தும் தடையில்லாமல் வந்து போனார்கள். அவளால் மட்டும்தான் முடியவில்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். ஜலஜா ஒரு மென்பொருள் கம்பெனியில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். ஏப்ரல் மூன்றாம் தேதி ஒசாகாவில் இரண்டு வருட வேலைக்குச் சேர வேண்டும்; டிக்கெட்டும் வந்துவிட்டது. பாலாநகரில் ஒரு ராணுவத் தளவாட ஆலையில் தரச் சோதனை அதிகாரியான விஸ்வநாத், அவளைப் போகவிடாமல் இருக்க ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். அதை அவளே கொடுத்துத் தொலைத்தாள். சாப்பிடும்போது சண்டை வராமலிருக்க ஒரு சீன எழுத்தைப் பற்றிச் சொன்னாள்: மேலே கூரை, கீழே மண்டியிட்ட பெண். மூவாயிரம் வருடப் பழைய எலும்புகளில் கீறியிருக்கிறது. பொருள், அமைதி.

"பாத்தியா! சீனாக்காரனே சொல்லிட்டான். பொம்பள வீட்டுக்குள்ள இருந்தாத்தான் அமைதி" என்றார் விஸ்வநாத்.

"ஜப்பான்ல அதுக்கே மலிவுன்னும் அர்த்தம். கொரியாவுல பாத்தாலும் பிரிஞ்சாலும் சொல்ற வார்த்தையில அது இருக்கு. பழைய சீனத்துல 'எங்கே?'ன்னு கேக்கறதும் அதுதான். அதெல்லாம் உங்க காதுல விழாதே!"

விழவில்லை. சனத்நகரில் பட்டறை வைத்திருக்கும் தேவசகாயத்திடம் அந்த எழுத்தை இரண்டடி உயரத்துக்கு இரும்பில் வெட்டச் சொல்லி, பிப்ரவரி எட்டாம் தேதி வாசலுக்கு மேலே மாட்டினார். மறுநாள் காலையிலிருந்து ஜலஜா உள்ளே.

அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். ஸ்பேனர் எடுத்து அதைக் கழற்ற ஒருவருக்கும் கை வரவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்றார்கள். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்கள். விஸ்வநாத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுதலாம் என்று தேடியதில், கருவிகளைத் துடைத்து வைப்பார் என்பது மட்டும் கிடைத்தது. ஜலஜா அவரை முன்பும் வெறுத்தாள். இப்போது அதற்கு நாள் முழுக்க நேரம் இருந்தது.

மார்ச் மூன்றாவது வாரம் அந்த எழுத்தின் பற்றவைப்பில் துரு கண்டது. வீட்டையும் ஆலையாக நடத்திய விஸ்வநாத், பீஸ் ரிஜெக்ட் என்று சீட்டு எழுதித் தேவசகாயத்துக்கு அனுப்பினார்; புதியது வரும்வரை பழையது வாசலிலேயே தொங்கியது. புதியதற்கு முறைப்படி டிராயிங் வேண்டும். தன் கையெழுத்து விழுந்த பிறகே இரும்பில் கை வைக்க வேண்டும். அந்த வீட்டில் சீன எழுத்து வரையத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளையே உட்காரவைத்தார்.

ஜலஜா கிராஃப் தாளில் பொறுமையாக வரைந்தாள். கூரையைத் தொடவில்லை. அதன் கீழே மூன்று கோடு இருந்த இடத்தில் ஏழு கோடு போட்டாள். உயரம், அகலம், தடிமன் எல்லாம் மில்லிமீட்டரில் குறித்தாள். விஸ்வநாத் அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

தேவசகாயத்துக்குத்தான் சந்தேகம். "சார், கீழ கோடு ஜாஸ்தியா இருக்குதே?"

"டிராயிங்ல இருக்கா? இருந்தா வெட்டு. கைக்கு பேசறே, எதுக்கு வீண் பேச்சு?"

ஏப்ரல் ஒன்றாம் தேதி சனிக்கிழமை புது எழுத்து வந்தது. விஸ்வநாத் வெர்னியர் வைத்து நாற்பது நிமிடம் அளந்தார். மூலைக்கு மூலை சரி. பாஸ் என்று சாக்பீஸால் டிக் போட்டார். அதை மாட்டி முடித்ததும் ஜலஜா பெட்டியை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கினாள். கால் தெருவில் பதிந்தது. பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்த விஸ்வநாத்தின் கால் கூடத்தில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒசாகாவிலிருந்து போன் வந்தது.

"என்னடி எழுத்து அது?"

"வீடு. சீனா, ஜப்பான், கொரியா எங்க போனாலும் வீடுதான்."

"கூரைக்குக் கீழ என்ன?"

"பன்னி."

திங்கள்கிழமை தேவசகாயம் ஸ்பேனரோடு வந்து ஜன்னல் வழியே கேட்டார். "கழட்டிடவா சார்? ரெண்டு நிமிஷ வேலை. தப்பா பாஸ் ஆயிடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

விஸ்வநாத் மேலே அண்ணாந்து பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் பாஸ் செய்த ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை.

"நக்கோ, வேணாம்" என்றார். "அளவு சரியாத்தான் இருக்கு."

ஏழு வருடமாகிறது. ஆலையிலிருந்து ஓய்வுக் கடிதம் தபாலில் வந்தது. கேஸ்காரர் சிலிண்டரைப் படியில் வைத்துவிட்டுப் போகிறார். விஸ்வநாத் கையை மட்டும் நீட்டி உள்ளே இழுத்துக்கொள்கிறார்.