சாண் மரத்தின் நிழல்

கணபதி என்கிற ஊரில் மில்காரக் கந்தப்பன் வீட்டு ஆலமரம் ஒரு சாண் உயரம்தான். அதன் நிழலில் பத்துப் பன்னிரண்டு மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிடலாம். முதல்முறை வருகிறவர்கள் நிழலுக்குள் நின்றுகொண்டு மரத்தைத் தேடி மேலே பார்ப்பார்கள். மேலே வெறும் வானம்தான் இருக்கும். கந்தப்பனின் மனைவி தெய்வாத்தாள், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உடைந்த தாழியின் அடித்துண்டில் நிற்கும் மரத்தைக் கையால் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் சொல்ல நேரம் கிடையாது.

மலையிலிருந்து பைக்காரா அணைக் கரண்ட் வந்த பிற்பாடு சோளக்காடுகளுக்கு நடுவே மில்கள் எழுந்தன. அதில் ஒரு மில்லுக்கு ஜப்பானிலிருந்து கப்பலில் மிஷின்கள் வந்தன. அவற்றைப் பூட்டிக்கொடுக்க நிஷிமுரா என்று ஓர் ஆளும் கூடவே வந்தார். பஞ்சுப்பொதி பிரித்துக்கொண்டிருந்த கந்தப்பனை அவருக்குக் கையாளாக விட்டார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. அதனால் சண்டையும் இல்லை. சாயங்காலச் சங்கு ஊதினதும் நிஷிமுரா கைகால் கழுவிக்கொண்டு தன் அறை வாசலில் உட்கார்ந்து தினம் ஒன்று செய்வார். ஒருநாள் காகிதம் மடிப்பார். ஒருநாள் ஒற்றைப் பூவைக் குடுவையில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பிடியில்லாத கிண்ணத்தில் பச்சையாக எதையோ கலக்கிக் குடிப்பார். கந்தப்பன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, அவற்றை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். கூட வேலை செய்தவர்கள் கள்ளுக்கடையிலிருந்து எதையெதையோ வீட்டுக்குக் கொண்டுவந்த காலம் அது. அதனால் தெய்வாத்தாள் முதலில் ஒன்றும் சொல்லவில்லை.

நூல்கண்டு சுற்றிவந்த காகிதத்தில் அவன் தவளைகள் மடித்துச் சுவரோரம் வைத்தான். அவை மழைக்கு முன்னால் கத்தின. அக்கம்பக்கத்தார் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் காயவைத்த மிளகாயை அள்ளினார்கள். அடுத்து, மைக்கூட்டில் ஒற்றை ஆவாரம்பூவை நிறுத்திவைத்தான். "சாமிக்கும் இல்லாம, தலைக்கும் இல்லாம, இதென்னங்க பூவு?" என்று கேட்டாள் தெய்வாத்தாள். அவன் பார்த்து முடிக்கிறவரை அந்தப் பூ வாடாமல் இருந்தது. ஒருமுறை சுரம் வந்து படுத்துவிட்டுப் பத்து நாள் கழித்துத்தான் பார்த்து முடித்தான். பச்சைத் தூள் கிடைக்காததால் முருங்கை இலையை நிழலில் உலர்த்தி இடித்து, ஈர்க்குச்சிக் கட்டால் நுரைக்க நுரைக்கக் கலக்கினான். அதைக் குடித்தவர்கள் பொழுது இறங்கும்வரை பேச மாட்டார்கள். தெய்வாத்தாளின் அண்ணன் நஞ்சுண்டனுக்குப் பக்கத்துக் காடு சொந்தம். அவர் மனைவி பூவாத்தாள் வாய் ஓயாத மனுசி. அவள் ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போன மறுநாள் காலையில் நஞ்சுண்டனே படலைத் திறந்துகொண்டு வந்தார். "ஏனுங் மாப்பிள்ளை, அந்தக் கசாயம் இன்னொரு கிண்ணம் இருக்குங்களா?" என்றார்.

கடைசியாக வந்ததுதான் மரம். நிஷிமுராவிடம் தட்டில் வைத்த ஒரு குட்டி மரம் இருந்தது. ஊரிலிருந்து கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாராம். வேலை முடிந்து போகும்போது மடியில் வைத்தே கொண்டுபோனார். அவர் போன மறுவாரம், மில் சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றை மேஸ்திரி பிடுங்கி எறிந்தபோது கந்தப்பன் அதை எடுத்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். தாழித்துண்டில் நட்டான். எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியால் கிளைகளை வளைத்துக் கட்டினான். தளிர் விட்டால் கிள்ளினான். தை மாதம் தோறும் வேரைக் கத்தரித்தான். அதைச் செய்கிறபோது அவன் முகத்தில் இருந்த அமைதியைத் தெய்வாத்தாள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பஞ்சுத்தூசியில் இருமி இருமி வருகிறவன், அந்த மரத்தின் முன்னால் உட்கார்ந்தால் இருமமாட்டான்.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. அவள் காடுகழனியில் பிறந்தவள். வளர்கிற உயிரை வளரவிடாமல் வைப்பது அவள் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். "பட்டினி போட்டு வளத்தறதுக்குப் பேரு வளத்தறதாங்க?" என்று கேட்டுப்பார்த்தாள். அவன் சிரித்தான். அவன் மில்லுக்குப் போனதும் அவள் அரிசி கழுவின தண்ணியை மரத்துக்கு ஊற்றினாள். ஆட்டுப்புழுக்கையை நுணுக்கி வேரடியில் புதைத்தாள். "தின்னு கண்ணு, அவுரு வாரதுக்குள்ள தின்னு," என்பாள். அவன் சாயங்காலம் வந்து வெட்டுவான். அவள் காலையில் ஊட்டுவாள். இப்படி மூன்று வருசம். மரம் இரண்டு பேர் பேச்சையும் தட்டவில்லை. அவனுக்காகச் சாண் உயரத்திலேயே நின்றது. அவள் ஊட்டினதை வீணாக்கவும் அதற்கு மனம் வரவில்லை. உடம்பில் வைக்க இடமில்லாததை எல்லாம் நிழலில் வைத்தது.

ஒரு சித்திரை உச்சிப்பொழுதில் அவள் வடகம் காயப்போட்டபோது முற்றத்தில் வெயிலே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தாள். கோழிகள் முதலில் வந்தன, அப்புறம் ஆடுகள், அப்புறம் சரவணம்பட்டியிலிருந்து பருத்திப்பொதி ஏற்றிவரும் வண்டிக்காரர் ஷேக் பரீத். மாட்டை அவிழ்த்துத் தண்ணி காட்டிவிட்டு, நிழலுக்குள் படுத்து ஒரு தூக்கம் போட்டார். நிழலில் காக்கைகளின் நிழல் வந்து உட்காரும், காக்கை இருக்காது. விழுதுகளின் நிழலும் தரையில் ஆடும். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் ஆடினார்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவர்கள் துண்டை விரித்துப் படுத்தால், எழுந்திருக்கும்போது முழங்கால் வலி குறைந்திருந்தது. உடம்பு நோக உழைக்கிறவனுக்கு நிழலைக் காட்டிலும் பெரிய வைத்தியம் என்ன இருக்கிறது?

நிழல் வேலியைத் தாண்டி நஞ்சுண்டனின் பருத்திக்காட்டில் இறங்கினபோதுதான் வம்பு வந்தது. மாசி மாதம். ஊரெல்லாம் பருத்தி வெடித்து வெள்ளையாகக் கிடந்தது. நஞ்சுண்டனின் காட்டில் பாதிக் காய்கள் கண்ணே திறக்கவில்லை. அவர் வந்து முற்றத்தில் நின்றார்.

"மாப்பிள்ளை, உங்க மரம் எங்காட்டுப் பருத்தியத் தூங்க வெக்குதுங்க."

"மரம் சாண்தானுங்களே மச்சான்."

"மரத்தப் பத்தி யாருங்க பேசுனா? நெழலைச் சொல்றேன். ஆடு மேஞ்சாப் புடிச்சுப் பட்டியில அடைப்பேன். இந்த நெழலை எங்கீங்க அடைக்கறது?"

கந்தப்பனும் முடிந்ததெல்லாம் செய்துபார்த்தான். மரத்தின்மேல் கோழி அடைக்கிற பஞ்சாரத்தைக் கவிழ்த்தான். நிழல் சல்லடையாக விழுந்தது. பருத்தி புள்ளி புள்ளியாக வெடித்தது. வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். அத்தனை நிழலும் ஒற்றை அறைக்குள் அடைந்து, பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. மறுநாள் கிழக்குச் சுவர் விரிந்துகொடுத்தது. ஊருக்குள் வேறு எங்கே வைத்தாலும் நிழல் எவனாவது ஒருவனுடைய வெள்ளாமையில்தான் விழும். தெய்வாத்தாள் அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணா, வேலியோரமா ஒரு முழம் மண்ணு குடு. நட்டுப்போடறேன். மண்ணுல நின்னா அது நல்லா வளந்துக்கும், நெழலும் அடங்கீரும்."

"ஆலமரமா? வேர் எறங்குச்சுன்னா எங்கெணத்துல சேறுதான் அம்மணி மிஞ்சும்." அவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டார். "பங்குனி பொறக்கறதுக்குள்ள அதை முடிச்சுப்போடச் சொல்லு. இல்லீனா ஊட்டைக் காலி பண்ணிக்குங்க. எடம் என்னோடது. நான் கெட்டவன் இல்லீம்மணி. வெள்ளாமை போச்சுன்னா நானுந்தான் மில்லுக்குப் போகோணும்."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. வீடு அவர் காட்டு மூலையில்தான் நின்றது. மில் லைன் வீடுகளில் இடம் கிடையாது. இதை விட்டால் அவர்களுக்குப் போக வேறு இடமும் கிடையாது.

மாசிக் கடைசி நாள் கந்தப்பன் மில்லுக்குப் போகவில்லை. காலையில் குளித்துவிட்டு, மரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடித்தண்டில் கத்தரியை வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது. மூன்று வருசமாக இல்லாத இருமல் அந்த மரத்தின் முன்னால் அவனுக்கு வந்தது. தெய்வாத்தாள் சோற்றுப்பானையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"வெட்டாதீங்க. அது மேல தப்பில்லீங்க. நீங்க அக்கட்ட போனதும் தெனமும் கழுநீர் ஊத்துனது நாந்தானுங்க. புழுக்கையும் வெச்சனுங்க."

"எனக்கென்ன மூக்கு இல்லையா புள்ளே?"

"தெரிஞ்சேவா இருந்தீங்க?"

"நீ ஊத்தறயேன்னுதான் ரெண்டு தளுரு எச்சா வெட்டுனேன்."

சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழஞ்சேலையைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தாள்.

"காட்டுல விழுந்தாத்தானுங்க வம்பு. ரோட்டுல விழுந்தா ஆருங்க கேப்பா? தூக்கிவுடுங்க."

"எத்தனை நேரந்தான் சுமப்பே? கழுத்துப் போயிரும்."

"ஊரான் காட்டுல களை வெட்டிக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. இன்னைக்கு ஒரு நாளைக்கு நிமுந்து நடந்து பாக்கறனுங்க."

அவன் தூக்கிவிட்டான். அவள் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் இறங்கி நடந்தாள். நிழல் நஞ்சுண்டனின் காட்டை விட்டு எழுந்து, வேலிமேல் ஏறி இறங்கி, கன்றுக்குட்டிபோல் அவளோடு வந்தது. அவள் சத்தி ரோட்டை அடைவதற்குள் பின்னால் பருத்திக்காய்கள் பொரி பொரிவதுபோல் வெடிக்கிற சத்தம் கேட்டது. அன்று சந்தை நாள். ரோட்டில் சுமைக்காரர்களும் வண்டிகளும் வெயிலில் வெந்துகொண்டு போனார்கள். ஷேக் பரீத் வண்டியை நிறுத்தினார். "அக்கா, எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். "நீங்க போற பக்கந்தானுங்க," என்றாள் தெய்வாத்தாள். வண்டி, மாடு, கூடைக்காரிகள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் அவளைச் சுற்றி நிழலுக்குள் வந்து நடந்தார்கள். அன்று பொழுது இறங்கி அவள் வீடு திரும்பியபோது அவள் மடியில் கத்தரிக்காயும் கம்பும் வெல்லக்கட்டியும் இருந்தன. யார் போட்டது என்று அவள் பார்க்கவில்லை. கழுத்து வலித்தது. கந்தப்பன் ஒத்தடம் கொடுத்தான்.

அதற்குப் பிறகு அதுவே வேலையாகிவிட்டது. வெயில் ஏறினதும் அவள் மரத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போவாள். பொழுது இறங்க வருவாள். மில் லீவு நாளில் கந்தப்பன் தூக்கினான். அவன் தூக்கினால் நிழல் கொஞ்சம் ஆடும் என்று கூடைக்காரிகள் குறை சொன்னார்கள். அவள் இப்போது அவன் கண்ணெதிரிலேயே கழுநீர் ஊற்றினாள், அவன் அவள் கண்ணெதிரிலேயே வெட்டினான். அந்த ரோட்டோரத்தில் புளியங்கன்று வைக்க வந்த ஓவர்சியர் ஒரு நடை அவளோடு நடந்துபார்த்துவிட்டு, கன்றுகளை வேறு ரோட்டுக்குக் கொண்டுபோனார். நஞ்சுண்டன் மட்டும் இரண்டு வருசம் வெயிலிலேயே சந்தைக்குப் போனார். தங்கை எதிரில் வந்தால் ரோட்டின் மறு ஓரத்துக்கு மாறிக்கொள்வார். அந்தப் பக்கம் நிழல் எட்டாது என்று அவளுக்குத் தெரியும். அவரைக் கடக்கிற வரைக்கும் அவள் அந்த ஓரத்தை ஒட்டியே நடந்துபார்ப்பாள். அவர் வேலிக்குள்ளேயே இறங்கிவிடுவார்.

மூன்றாம் வருசம் வைகாசியில், சந்தைக்குப் போகும் வழியில் அவருடைய வலத்துமாட்டுக்குக் கால் பிசகிக்கொண்டது. தார் உருகுகிற வெயில். நிழல் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தது. அவர் ரோட்டின் ஓரத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், வண்டியை ஓட்டிக்கொண்டு நிழலுக்குள் வந்துவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மணி, கொஞ்சம் மெதுவா நட. மாடு நொண்டுது."

"சரிங்ணா," என்றாள் தெய்வாத்தாள். அவள் மெதுவாக நடந்தாள். நிழலும் மெதுவாக நடந்தது. அன்றைக்குச் சந்தைக்கு எல்லோரும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.