இலிஷ் மணக்கும் புது ஓவன்

சந்தானம் சார் மீன் வாங்கினார் என்று லேக் மார்க்கெட் முழுக்கப் பேச்சு. வாங்கினார்தான். கூடப் போனது என் வீட்டுக்காரர். ஆனால் எதற்காக வாங்கினார் என்பது தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கும் நல்லதில்லை.

எங்கள் கட்டடம் கொல்கத்தாவில், காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால் ஒரு சந்தில். லிஃப்ட் கிடையாது. அதனால் யார் வீட்டுக்கு எது போகிறது, எது வருகிறது என்பது படியில் மூச்சு வாங்க நிற்கிற எல்லாருக்கும் தெரியும். முதல் மாடியில் சந்தானம் சாரும் விஜயலக்ஷ்மி மாமியும். சார் பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவம்; மேலே யார் வீட்டிலாவது மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கீழே தெருவரை கேட்கும். இரண்டாம் மாடியில் நாங்கள். என் வீட்டுக்காரர் மாணிக்கத்துக்கு சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. அவர் சாப்பிடாத ஜீவராசி குறைவு. மூன்றாம் மாடியில் கீதாஞ்சலி பௌதி. பௌதி என்றால் அண்ணி. இந்தச் சந்தில் தமிழர், பெங்காலி எல்லாருக்குமே அவள் அண்ணிதான்.

சார் வீட்டுக்கும் பௌதி வீட்டுக்கும் இருபது வருஷப் பழக்கம். ஒருத்தர் வீட்டுச் சாவி இன்னொருத்தர் வீட்டு ஆணியில் தொங்கும். சாருக்கு நெஞ்சுவலி வந்த அன்று டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பௌதிதான். மாமி அப்போது எந்தப் புடவை கட்டுவதென்று யோசித்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

போன குளிர்காலத்தில் பௌதியின் பெண் அனன்யாவுக்கும் அபினவுக்கும் கல்யாணம் ஆயிற்று. அவள் புக்ககம் போன மறு வாரமே, பௌதி தன் ஓவனைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினாள்.

"இனிமே யாருக்கு நான் பேக் பண்ணப் போறேன்? விஜயா கேக் போடட்டும். தேவைப்பட்டா கேட்டு வாங்கிக்கிறேன்" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். (அவள் பேசுவது பெங்காலி. படிக்கிறவர்கள் சிரமப்படக் கூடாதென்று தமிழில் தருகிறேன்.)

அவள் தலை மறைந்ததும் மாமி ஆரம்பித்தாள். "இதுல அவ வருஷக்கணக்கா மீன் சுட்டிருக்கா. இது என் அடுக்களைக்குள்ள கால் வெக்கப்படாது."

"ஓவனுக்குக் கால் ஏதுடி?"

"நாலு இருக்கே, கறுப்பு ரப்பர்ல!"

திருப்பிக் கொடுத்தால் பௌதி மனம் நோகும். வைத்துக்கொண்டால் மாமி மனம் நோகும். கடைசியில் ஓவன் பின் பால்கனிக்குப் போய், ஒரு பழைய போர்வைக்குள் உட்கார்ந்தது.

ஓய்வு பெற்ற மனிதர் கையில் ஃபோன் இருந்தால் என்ன ஆகும்? பவுடர் கோட்டிங் என்று ஒரு வீடியோ பார்த்தார். இரும்புச் சாமானைத் துரு போகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, கொக்கியில் தொங்கவிட வேண்டும். அதில் ஓர் எர்த் கம்பியை மாட்டி, துப்பாக்கி மாதிரி ஒன்றால் வண்ணப் பவுடரை ஊதினால், மின்சாரத்தின் இழுப்பில் பவுடர் போய் அப்பிக்கொள்ளும். அப்படியே ஓவனில் வைத்துச் சுட்டால் உருகி, வழவழவென்று பிடித்துக்கொள்ளும்; பெயிண்ட் போல உரியாது. ஒரே ஒரு நிபந்தனை, அந்த ஓவனில் அதற்குப் பிறகு சாப்பிடுகிற பொருள் எதையும் வைக்கவே கூடாது.

நிபந்தனையைக் கேட்டதும் சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். ஏற்கெனவே எதுவும் சமைக்க முடியாத ஓவன் ஒன்று வீட்டிலேயே இருக்கிறதே!

அதன் பிறகு இந்தக் கட்டடத்தில் துருப்பிடித்த எதுவும் தப்பவில்லை. ஜன்னல் தாழ்ப்பாள், திரைச்சீலை வளையம், சுவர்க் கொக்கி, கீழே இருக்கும் தபால் பெட்டிகளின் மூடி எல்லாம் பச்சை, நீலம், ஆரஞ்சு. கொல்கத்தா ஈரத்தில் பவுடர் கட்டி தட்டிப்போனதால் மாமியின் மாவுச் சல்லடையும் பால்கனிக்குக் குடிபோனது. சல்லடை எங்கே போயிற்றென்று மாமி இன்றுவரை என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறாள்.

இதில் சார் ஒன்று கண்டுபிடித்தார். பவுடர் உருகிப் பிடிக்க இருநூறு டிகிரி வேண்டும். பௌதியின் ஓவனில் சூடு வைக்கும் திருகின் முள்ளை இருநூறில் வைத்தால், உள்ளே வைத்த தெர்மாமீட்டர் நூற்றறுபதுதான் காட்டியது. முள்ளை இருநூற்றைம்பதுக்குத் தள்ளினால்தான் இருநூறு வரும். பௌதி அத்தனை வருஷமும் முள் பொய் சொல்வது தெரியாமல் இருநூற்றைம்பதில் வைத்தே மீன் சுட்டிருக்கிறாள். மீனும் நன்றாகவே வந்திருக்கிறது.

படியில் பார்க்கும்போதெல்லாம் பௌதி கேட்பாள், "கேக் எப்படி வருது?"

"பஞ்சு மாதிரி வரது பௌதி!"

ஒரு தடவை பேக்கரியில் கேக் வாங்கி, வீட்டில் செய்தது போலத் தெரியட்டும் என்று கோணல்மாணலாக வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பௌதி சாப்பிட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொன்னாள்: "விஜயா போட்ட கேக் அப்படியே பேக்கரி கேக் மாதிரி இருக்கு!"

இப்படியே போயிருக்கும். ஆனால் ஜமாய் ஷஷ்டி வந்தது. ஜமாயை, அதாவது மாப்பிள்ளையை, அழைத்து மாமியார் விருந்து வைக்கும் நாள். கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் ஷஷ்டி என்றால் நம் தலைதீபாவளி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பௌதி படியில் நின்று கீழே குரல் கொடுத்தாள். (தாதா என்றால் அண்ணா; சாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.)

"சந்தானம் தாதா, ஓவனை ஒரு நாளைக்குக் குடுங்க. ஜமாய்க்குக் கடுகு அரைச்சுத் தடவி பேட்கி மீன் சுடப்போறேன். கல்யாணத்தப்பவே அபினவ் ஆசையா கேட்டான்."

அன்று சாயங்காலம் சார் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். மாணிக்கம் சிரித்துச் சிரித்து இருமினார்.

"உண்மையச் சொல்லிடுங்க சார். பௌதி என்ன, கடிச்சா முழுங்கிடும்?"

"என்னன்னு சொல்றது? நீங்க மீன் சுட்டதால அது எங்களுக்கு ஆகாது, அதனால அதுல தாழ்ப்பாள் சுட்டேன்னா? ஆசையா தூக்கிண்டு வந்து குடுத்தா மாணிக்கம். இருபது வருஷம். அப்பறம் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

மறுநாள் சார் கொல்கத்தாவின் சாந்தினி சௌக் முழுக்க அலைந்து, அதே கம்பெனி, அதே அளவு, அதே நிறத்தில் ஒரு புது ஓவன் வாங்கிவந்தார். மாமிக்குத் தெரியக் கூடாதென்று நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. பழையது போலத் தெரிய முள்ளைச் சுற்றியிருந்த எழுத்தைப் பாத்திரம் தேய்க்கும் கம்பியால் மழுங்கடித்தோம். பௌதியின் ஓவனில் பின்பக்கம் ஒரு நசுங்கல் உண்டு. அதை மாணிக்கம் சுத்தியலால் ஒரே அடியில் கொண்டுவந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் வீட்டு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

நான் கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். "சார், புதுசு வாசனை அடிக்குது. மீன் வாசனையே இல்லையே?"

சார் தானும் ஒரு தடவை மோந்து பார்த்தார். பிறகு, "சுலோசனா... இதுல ஒரு மீன் சுட்டுத் தர முடியுமாம்மா?"

"எந்த மீன் சார்?" என்றார் மாணிக்கம், கண் பளிச்சிட.

"வாசனை நிக்கற மீனா ஏதாவது."

"இலிஷ்தான் சார் அதுக்கு, நம்ம ஊர் உல்லம் மீன்! ஆனா காசு குடுக்கிறவர் கூட வரணும். நாளைக்கு ஏமாத்திட்டேன்னு பேர் வரக்கூடாது."

அப்படித்தான் சார் மார்க்கெட்டின் மீன் பக்கத்துக்குள் முதல்முறையாகக் கால் வைத்தார். மூக்கில் கைக்குட்டை, வேட்டி ஒரு கையில். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்ட, சார் தனக்குத் தெரிந்த பெங்காலியில் பணிவாகச் சொன்னாராம்: "நல்லா நாத்தம் அடிக்கற மாதிரி ஒண்ணு குடுப்பா."

மீன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "என் மீன் நாறுதா? காலைல வந்த மீனு! யாரைப் பாத்து என்ன பேச்சு பேசறீங்க!" கூட்டம் கூடிவிட்டது. ஊர்ப் பேச்செல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான்.

நாங்கள் இலிஷ் சுட்டோம். ஒரு தடவை போதாது என்று மாணிக்கம் சொன்னதால் இன்னொரு தடவையும் சுட்டோம். காரியம் முக்கியம் அல்லவா?

விருந்துக்கு முந்தின நாள் சார் ஓவனைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினார். பாதிச் சுமை எனக்கு. பௌதி எழுத்தையும் பார்க்கவில்லை, நசுங்கலையும் பார்க்கவில்லை. ஓவன் கதவைத் திறந்தாள், மூச்சை இழுத்தாள், நின்றாள்.

"இது இலிஷ் ஆச்சே. நான் இதுல பேட்கி தவிர வேற மீன் சுட்டதில்லையே."

சார் நெற்றியில் வியர்வை. பௌதி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெல்ல வாசல் கதவைச் சாத்தினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பயப்படாதீங்க தாதா. விஜயாகிட்ட மூச்சு விடமாட்டேன். மீன்கடையில உங்களைப் பாத்ததா சொன்னாங்க, நான்தான் நம்பலை! நாளைக்கு ஜமாய் பக்கத்துல உங்களுக்கும் ஒரு தட்டு. ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிட்டா மீன் உடம்புல ஒட்டாது."

சார் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்பது அவருக்கே தெரியாது.

மறுநாள் மாமியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, மேஜையில் அபினவ் பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்குத் தண்டனைக்கு வந்தவர் போல இருந்தார். நான் கடுகு அரைத்துக் கொடுக்க அடுக்களையில் இருந்தேன். பௌதி பேட்கியை உள்ளே வைத்து, கை பழக்கத்தில் முள்ளை இருநூற்றைம்பதுக்குத் திருப்பிவிட்டு, பூரி பொரிக்கப் போனாள்.

திறந்திருந்த கதவு வழியாக சார் அந்த முள்ளைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். புது ஓவன், அதன் முள் பொய் சொல்லாது. எழுந்தால் இருபது வருஷம் போச்சு. உட்கார்ந்தே இருந்தால் முதல் ஷஷ்டி மீன் போச்சு. அபினவ் ஏதோ கேட்டான். சார் கண்ணை முள்ளிலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் மீனின் ஓரம் பழுப்பாகத் தொடங்கியது.

சார் நாற்காலி பின்னால் விழ எழுந்து ஓடிவந்தார்.

"பௌதி, குறைங்கோ! இருநூறு! இது உங்க ஓவன் இல்லை, இது உள்ளதைச் சொல்ற ஓவன்!"

அவசரத்தில் தமிழில் கத்திவிட்டார். பௌதி கரண்டியோடு திகைத்து நிற்க, அவரே முள்ளைத் திருப்பிவிட்டு, பெங்காலியில் திரும்பச் சொன்னார்.

"அப்ப என் ஓவன்?"

"எங்க பின் பால்கனில. அதுல தாழ்ப்பாளுக்குப் பவுடர் போட்டுச் சுடறேன். இனிமே அதுல சாப்பாடு சுடக் கூடாது."

"கேக்?"

"பேக்கரி."

"இலிஷ்?"

நான் கடுகு அம்மியை மும்முரமாகக் கழுவத் தொடங்கினேன்.

"ஏன் தாதா?"

"நீங்க மீன் சுட்டது. எங்காத்துல விஜயா..."

பௌதி பூரி அடுப்பை அணைத்தாள். "உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் புடவை மாத்தி, கை கழுவிட்டு வர்றேன். இருபது வருஷமா. எதுக்குன்னு நினைச்சீங்க? அன்னைக்கே வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தூக்கிட்டு வந்திருப்பேன். என் இடுப்பு ஒண்ணும் உடைஞ்சு போயிருக்காது."

சார் தலை குனிந்து நின்றார்.

பௌதி ஒரு பிரம்பு மோடாவை இழுத்து ஓவனுக்கு முன்னால் போட்டாள். "உட்காருங்க. இந்த ஓவன் குணம் உங்களுக்குத்தானே தெரியும்? மீன் கெட்டுச்சுன்னா உங்களைத்தான் ஜமாய்க்குப் பரிமாறுவேன்."

சார் உட்கார்ந்தார். அபினவும் தட்டை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் குந்தினான். பவுடர் எப்படி ஒட்டும், எந்த நிறமெல்லாம் கிடைக்கும் என்று அவனுக்கு ஆயிரம் கேள்வி. முதலில் சாரின் மூக்கில் கைக்குட்டை இருந்தது. விளக்கம் சொல்லும் மும்முரத்தில் அது எப்போது மடிக்கு இறங்கியது என்பதை அவர் கவனிக்கவில்லை.

"பாரு, பாரு! மேல எண்ணெய் விட்டு ஒரு பளபளப்பு ஓடித்து பார்! உருகிடுத்துன்னு அர்த்தம். இப்போலேருந்து பத்து நிமிஷம், பௌதி. ஒரு நிமிஷம் கூடப்படாது!"

மீன் உருகுமா என்று யாரும் கேட்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்த பேட்கியை நானும் சாப்பிட்டேன். அது போல் இந்த வீட்டில் நான் சாப்பிட்டதில்லை. கருகின ஓரத்தைப் பௌதி கொத்தமல்லி போட்டு மறைத்துவிட்டாள். அபினவ் மூன்றாவது துண்டு கேட்டான். சாருக்கு மட்டும் தனிக் கடாயில் பொரித்த பூரியும் உருளைக்கிழங்கும் வந்தன. பௌதி பேசாமல்தான் பரிமாறினாள். இரண்டாவது பூரி போடும்போது வாய் திறந்தாள்.

"அந்தப் பவுடர்ல சிவப்பு இருக்கா?"

"இருக்கு பௌதி, இருக்கு!"

"என் ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாம் துரு. நாளைக்கு வந்து கழட்டிட்டுப் போங்க. கம்பி, கொக்கி, கீல் எல்லாம்."

"எல்லாமா பௌதி?"

"எல்லாம்."

சார் பூரியைக் கையில் வைத்தபடி அந்த வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூடத்தில் மட்டுமே ஆறு. உள்ளே இன்னும் மூன்று அறை.