முப்பதடிக்குக் கீழே பார்மா

பெல்லரூவில் ஒரு பப்பின் சிக்கன் பார்மாவை யாராவது மனதார நன்றாயிருக்கிறது என்று சொன்னால், அந்தப் பப் ஒரு விரற்கடை பூமிக்குள் இறங்கும். மெல்பர்னிலிருந்து வடக்கே நான்கு மணி நேரம் காரில் போனால் வரும் ஊர் அது. சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் ஏழு பப். கோழியின் நெஞ்சுக்கறியைத் தட்டித் தட்டையாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே தக்காளிச் சாறும் பன்றிக்கறி ஹாமும் வைத்து, சீஸை உருகவிட்டு, பக்கத்தில் சிப்ஸைக் குவித்துக் கொடுத்தால் அது பார்மா. ஊரில் பாதிப்பேர் பப்புக்குப் போவது குடிக்க அல்ல, இதைத் தின்ன.

மனதாரச் சொல்வது முக்கியம். மரியாதைக்குச் சொன்னால் நிலம் அசையாது.

ஏழில் ஆழமானது டியூக். அதன் கூரை ஓடுகள் தெருவோடு தெருவாக இருந்தன. புகைபோக்கியை ஒட்டிக் கார்களை நிறுத்திவிட்டு, முப்பத்தொரு படி இறங்கி உள்ளே போக வேண்டும். முதல் படியில் ஊராட்சி மன்றம் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தது: ‘பெல்லரூவின் சிறந்த பார்மா.’ டியூக்கின் உரிமையாளர் வாரன்தான் மன்றத் தலைவரும்.

இந்த ஊருக்குத்தான் எஸ்தரும் ஆசீரும் இரண்டு வருஷத்துக்கு முன் சாயர்புரத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். எஸ்தர் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஆசீர் மன்றத்தின் படிக்கட்டுத் துறையில் கொத்தனார். பப் இறங்க இறங்கப் படி கட்டிக் கொடுப்பது அந்தத் துறையின் வேலை. துறையில் அவன் ஒருத்தன்தான். சேர்ந்த நாளிலிருந்து அவன் சிமென்ட் குழைத்ததே இல்லை. காலையில் ஈரத் துணியால் டியூக்கின் படிகளைத் துடைப்பான், எண்ணிப் பார்ப்பான், முப்பத்தொன்று என்று எழுதுவான். அவனுக்கு முன்னால் இருந்தவரும் ஒன்பது வருஷமாக அதையேதான் எழுதியிருந்தார்.

ஊரில் இரண்டு வருஷம் முடித்தவர்கள் ஏழு பப்பிலும் பார்மா தின்றுவிட்டு, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நகர மண்டபத்து மேடையில் ஏறி, எது சிறந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் குடியிருப்புச் சான்று. சான்று கிடைக்காதவர்கள் முப்பது நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும். மன்ற ஊழியர்களுக்கு விதிப்படி நாக்கில் ருசி கிடையாது என்பதால் ஆசீர் மேடையேற வேண்டியதில்லை. சான்று மனைவியின் பெயரில் வந்தால் போதும்.

எஸ்தர் புதன்கிழமை தோறும், விடுப்பு நாளில், ஒவ்வொரு பப்பாகப் போனாள். சாயர்புரம் பஜாரில் அவள் அப்பாவுக்குப் பரோட்டாக் கடை. பொரிக்கிற விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. முதல் பப்பில் எண்ணெய் பழையது. இரண்டாவதில் சிப்ஸை அடியில் பரப்பி அதன்மேல் பார்மாவை வைத்தார்கள். சிப்ஸ் நனைந்த அட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பப் தெருவிலிருந்து ஒரு முழம் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் அது இப்போதைய உரிமையாளரின் மாமனார் சமைத்த காலத்து முழம். மூன்றாவதில் கோழி உள்ளே வேகவில்லை. அவள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

டியூக்கில் பார்மாவைப் பலகையில் வைத்து, மேலே ஒரு சின்னக் கொடி குத்திக் கொண்டுவந்தார்கள். சீஸ் மழைக்கோட்டுக் கனத்தில் கிடந்தது. வாரன் மேசையருகே வந்து நின்றார்.

“எப்படி இருக்கிறது, மிஸஸ் ஆசீர்?”

“பெருசா இருக்கு.”

“ருசி?”

“நல்லாயில்லை.”

வாரன் தலையசைத்தார். “மேடையில் சரியாகிவிடும். எல்லோருக்கும் சரியாகிவிடுகிறது.” அவரே கொடியைப் பிடுங்கி, துடைத்து, அடுத்த மேசைக்குக் கொண்டுபோனார்.

ஏழாவது ஷியரர்ஸ். தானியக் கிடங்குக்குப் பின்னால், தெரு மட்டத்திலேயே, ஒரு மயிரிழைகூட இறங்காமல் நின்றது. உள்ளே கூட்டம். ஆனால் பேச்சில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் கோதுமை லாரி ஓட்டுகிற கிளெம் கடைசித் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார். உதடு நடுங்க, “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

டோரீன்தான் சமையல், டோரீன்தான் பரிமாறுவது. எழுபது வயது. வலது முழங்கால் மடங்காது. தட்டை வைத்துவிட்டு எஸ்தரின் பக்கத்திலேயே நின்றார். எஸ்தர் கத்தியை வைத்தாள். சருகை மிதித்த மாதிரி சத்தம் வந்தது. உள்ளே கறி வெள்ளையாக, ஈரமாக இருந்தது. தக்காளியில் இருந்தது புளிப்புதான், இனிப்பில்லை. சீஸ் அளவாக, ஓரத்தில் மட்டும் கருகி முறுகியிருந்தது. இரண்டாவது வாயிலேயே எஸ்தருக்குக் காது சூடாகிவிட்டது. சொல்ல வாயைத் திறந்தாள். டோரீன் தன் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார். கையில் பூண்டு மணந்தது.

“சொல்லாதே. என் முழங்காலுக்குப் படி ஏறத் தெரியாது.”

எஸ்தர் அந்த வார்த்தையைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள். அது இரண்டு நாள் நெஞ்சிலேயே நின்றது.

வீட்டில் ஆசீர் சொன்னான்: “டியூக்னு சொல்லிட்டு எறங்கி வந்துரு. எல்லாரும் அதத்தான சொல்லுதாங்க. ஒரு வார்த்தைதானே.”

“ஒரு வார்த்தைதான். வாய் வர மாட்டேங்கே, அத்தான்.”

“வாய்க்கு என்ன வந்துச்சு?”

“அது தின்னுட்டு வந்துருக்குல்லா.”

“பதினொரு வருஷமா மேடையில அத்தன பேரு டியூக்குங்காங்க. ஒரு படி கூடல பாத்துக்கோ,” என்றான். பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல, எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினான்.

டியூக் என்று சொன்னால் பொய். ஷியரர்ஸ் என்று சொன்னால் டோரீனின் முழங்கால். ஒன்றுமே சொல்லாவிட்டால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். எஸ்தருக்கு மூன்றுமே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷியரர்ஸின் சமையலறைக்குள் நேரே போனாள். டோரீன் மரச்சுத்தியலால் கறியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு மேடையில நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.”

டோரீன் நாலைந்து அடி அடித்தார். “முப்பத்திரண்டு வருஷம் எல்லார் வாயையும் பொத்தினேன். என் புருஷன் சாகிற அன்றைக்கும் இதைத்தான் கேட்டுத் தின்றான். தின்றுவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.” சுத்தியலைக் கீழே வைத்தார். “சொல்லு. சத்தமாகச் சொல்லு.”

“முழங்கால்?”

“அது என் முழங்கால். நான் சொல்வதைக் கேட்கும்.”

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. எஸ்தருக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர் மேடையேறினார்கள். ஒவ்வொருவரும் டியூக் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் டெலிபோனோடு உட்கார்ந்திருந்த எழுத்தர் டியூக்குக்குப் பேசி, “அசையவில்லை” என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. வாரன் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

எஸ்தர் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

“ஷியரர்ஸ். டோரீன் செய்யிறது. இந்த ஊருல மட்டும் இல்ல, நான் பொறந்ததுலருந்து தின்ன கோழியிலயே அதுதான் நல்லாருக்கு.”

எழுத்தர் டெலிபோனில் கேட்டார். “ஷியரர்ஸ், ஒரு விரற்கடை,” என்றார்.

யாரும் கைதட்டவில்லை. வாரன் பேனாவை மூடினார். “நாக்குத் தவறிவிட்டது என்று எழுதிக்கொள்கிறேன், மிஸஸ் ஆசீர். இன்னொரு தடவை சொல்லுங்கள்.”

“இன்னொரு தடவையா? ஷியரர்ஸ்.”

“இரண்டு விரற்கடை,” என்றார் எழுத்தர்.

“சான்று கிடைக்காது.”

“கிடைக்காட்டா போகட்டும். தின்ன நாக்கு என்னோடது. அத உங்க நோட்டுல எழுதிக்கிட முடியாது.”

அவள் மேடையை விட்டு இறங்கவில்லை. அப்போது பின்வரிசையில் கிளெம் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

“நானும் சொல்ல வேண்டும். தொண்ணூற்றெட்டில், மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை ஷியரர்ஸில் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அடுத்த செவ்வாயும் நன்றாக இருந்தது. அதற்கடுத்த செவ்வாய் நான் வரவில்லை, பல்வலி. அதற்கடுத்தது மிக நன்றாக இருந்தது.”

அவர் இரண்டாயிரத்து மூன்று வரை வருவதற்குள் இன்னும் பத்துப் பேர் எழுந்துவிட்டார்கள். பிறகு தபால்காரி எழுந்தாள், பாதிரியார் எழுந்தார், சான்று வாங்கிய முப்பத்தெட்டில் பதினான்கு பேர் எழுந்தார்கள். எழுத்தருக்கு எண்ணி முடியவில்லை. மூன்று மணிக்கு ஷியரர்ஸின் ஜன்னல்கள் மண்ணுக்குள் போயின. நாலு மணிக்குக் கூரை போயிற்று. டோரீன் வெளியே வரவில்லை. ஐந்து மணி வரை பள்ளத்திலிருந்து பொரிக்கிற சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. அளந்து பார்த்ததில் கூரையே முப்பதடி ஆழத்தில் இருந்தது.

ஆசீர் கரணையை எடுத்துக்கொண்டு வந்தான். பள்ளத்தின் விளிம்பில் வாரன் நின்றார்.

“எத்தனை படி ஆகும்?” என்று கேட்டார்.

“படி இல்லைங்க. சரிவு.”

“படிக்கட்டுத் துறை படிதான் கட்டலாம்.”

ஆசீர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அங்கேயே ஒரு சிமென்ட் பையின் காகிதத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தான். கொடுத்த நிமிஷத்திலேயே அவனுக்கு நாக்கில் ருசி திரும்பிவிட்டது. பள்ளத்துக்குள் கயிறு கட்டி இறங்கிப்போய் ஒரு பார்மா தின்றான். “ஏட்டி எஸ்தர், நல்லாருக்குட்டி!” என்று கீழிருந்து கத்தினான். சரிவை ஒரு விரற்கடை நீட்ட வேண்டியதாயிற்று.

பப்பைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற சரிவை முடிக்கப் பதினாறு நாள் ஆனது. முதல் ஆளாக டோரீன் ஏறினார். மடங்காத காலை முன்னால் நீட்டி வைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்து, தெரு வரைக்கும் வந்து, தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கினார். மறுநாள் எஸ்தர் முதியோர் இல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பார்மா என்றாலே டியூக் என்று நம்பி, அதன் முப்பத்தொரு படியால் பார்மாவையே மறந்திருந்தவர்கள் அவர்கள். தின்றுவிட்டு எட்டுப் பேரும் சொன்னார்கள். காது கேளாத ஒருவர், கேட்காமல் போயிருக்குமோ என்று இரண்டு தடவை சொன்னார். ஆசீர் மறுபடியும் சிமென்ட் குழைத்தான்.

முப்பது நாள் கெடு முடிவதற்குள் எஸ்தரும் ஆசீரும் வீட்டைக் காலி செய்துவிட்டு ஷியரர்ஸின் மாடியறைக்குக் குடிவந்தார்கள். மன்றத்தின் அதிகாரம் தரையிலிருந்து முப்பதடி ஆழம் வரைதான் என்று படிக்கட்டுத் துறையின் கையேட்டிலேயே இருந்தது. மாடியறையின் கூரை முப்பத்தொன்றாவது அடியில் இருந்தது. முப்பதாவது அடியில் ஆசீர் சரிவின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டான்.

முப்பதாவது நாள் வாரன் வெளியேற்றும் ஆணையோடு வந்து கோட்டின் அந்தப் பக்கம் நின்றார்.

“மிஸஸ் ஆசீர், நீங்கள் கிளம்ப வேண்டும்.”

“கோட்டத் தாண்டி வந்து சொல்லுங்க,” என்றாள் எஸ்தர்.

“தாண்ட எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப நின்னுக்கிடுங்க.”

அவர் மத்தியானம் வரை நின்றார். டோரீன் ஒரு தட்டை ஏந்தி ஏறிவந்து கோட்டுக்கு மேலாக நீட்டினார். வாரன் நின்றுகொண்டே தின்றார். தட்டை வழித்துத் தின்றார். பிறகு ஆணையால் வாயை மறைத்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். பப் ஒரு விரற்கடை இறங்கியது. அவர் காலித் தட்டைக் கோட்டின்மேல் வைத்துவிட்டு மேலே போனார்.

எஸ்தர் தட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மேசைகளைத் துடைக்கும்போது காலுக்கடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. பீர்ப் பீப்பாய்கள் வைக்கும் நிலவறையின் கதவை அவள் தூக்கிப் பிடித்தாள். ஐந்து பேர் வரிசையாக ஏறி வந்தார்கள்: ஒரு புருஷன், பெண்டாட்டி, மூன்று பெண் பிள்ளைகள். தோளில் மண் ஒட்டியிருந்தது. பெண்டாட்டியின் கையில் மடக்கிய குடை சொட்டிக்கொண்டிருந்தது.

“ஐந்து பேர் உட்காருகிற மாதிரி மேசை இருக்குமா?” என்று கேட்டாள் அவள்.

“இருக்கு, வாங்க,” என்றாள் எஸ்தர். “கீழ மழையா?”

“காலையிலிருந்து விடவில்லை. பொரிக்கிற மணம் எங்கள் தெரு வரைக்கும் இறங்கிவிட்டது.”

எஸ்தர் குடையை வாங்கி ஓரமாக விரித்து வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, ஐந்து பார்மா என்று குரல் கொடுத்தாள்.