விலைச்சீட்டு ஒட்டிய உடம்பு

என் அக்கா கோரின் சிற்பி. அவள் கேட்டாள் என்பதற்காக ஒரு கோடையில் ஆடையில்லாமல் அவள் முன் படுத்தேன். தலைமுதல் கால்வரை பிளாஸ்டர் பூசி அச்செடுத்தாள். அந்த உருவத்தைக் கடைப் பொம்மை மாதிரி நிறுத்தி, மார்பிலும் தொடையிலும் ‘பாதி விலை’ சீட்டுகளை ஒட்டினாள். பெண்ணையும் சரக்கையும் அமெரிக்கா ஒரே கண்ணால் பார்க்கிறது என்று காட்டத்தானாம். முகத்தை மட்டும் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மாற்றவில்லை.

எங்கள் ஊரான டெய்ட்டனில் காட்சி திறந்த வாரமே தேவாலயத்துக்காரர்கள் எதிர்ப்புப் பலகைகளோடு வாசலில் கூடிவிட்டார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சி சிலையின் மார்பை மங்கலாக்கிவிட்டு என் முகத்தைத் தெளிவாகக் காட்டியது.

நான் மாலில் வாசனைத் திரவியம் விற்றுக்கொண்டிருந்தேன். மறுநாளே ஒருவன் வந்து, “பாதி விலை இன்னும் இருக்கா, முடிஞ்சிருச்சா?” என்றான். கூட வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். மேலாளர் ஹாலிஸ் தனியே கூப்பிட்டபோது வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“நீ முன்பக்கக் கவுண்டருக்கு வந்துரும்மா. உன்னாலதான் இப்ப கூட்டமே” என்றார்.

அக்காவிடம் போய் அழுதேன். “அதை எடுத்துரு அக்கா. கடையில நிக்க முடியல.”

“எதுக்குடி எடுக்கணும்? அவனுங்க அப்படிக் கேக்குறதுதான் நான் சொன்னதுக்குச் சாட்சி.”

“சாட்சிக்கூண்டுல ஏத்த நான்தான் கெடச்சேனா?”



சில நாளில் யாரோ காட்சிக்கூடத்தின் பின்கதவை உடைத்துச் சிலையைத் தூக்கிப் போனார்கள். அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த வாரமே என் வீட்டு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே, எங்கள் கடையின் பரிசுத்தாளில் சுற்றி, சிலையின் இடது கை. நகங்களுக்குச் சாயம் பூசியிருந்தார்கள். முந்தின நாள்தான் நான் பூசிக்கொண்ட அதே கருஞ்சிவப்பு.

“திருடு போனது தானாத் திரும்பி வருது, இதுல என்னம்மா புகார்?” என்று சிரித்தார் போலீஸ்காரர்.

“அந்த நகத்தைப் பாருங்க. இப்ப என் நகத்தைப் பாருங்க.”

பார்த்தார். சிரிப்பு நின்றது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்து ஒரு பாதம் வந்தது, நான் புதிதாக வாங்கியிருந்த அதே ரகச் செருப்போடு. பிறகு இடுப்பு, மார்பு என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் அக்கா வந்து வாங்கிப் போய், பெட்டியோடு காட்சிக்கு வைத்தாள். நுழைவுக் கட்டணம் ஏறியது. பலகை பிடித்தவர்களே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

நான் வேலையை விட்டேன். அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வடக்கே தொலைவிலுள்ள டூலூத் நகருக்குப் போய், ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்ந்தேன். முகவரி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். குளிர்காலம் முழுவதும் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஜன்னல் திரைச்சீலையை விலக்கிவைத்துச் சாப்பிடப் பழகினேன்.

மார்ச்சில் அக்கா போன் செய்தாள்.

“பார்சல் ஏதாச்சும் வந்துச்சா? தலை மட்டும்தான்டி பாக்கி. வந்தா பிரிக்காம அப்படியே அனுப்பு.”

“இங்க எப்படிக்கா வரும்? என் முகவரியை யாருக்காவது குடுத்தியா?”

“ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். தங்கமான மனுஷன். காட்சிக்குத் தினமும் வருவார்.”

“எந்தப் பத்திரிகை?”

“அது... நான் கேக்கலையேடி.”

போனை வைத்துவிட்டு எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடினேன்.