லேப்டாப்புக்கு மூன்று காவல்

தேன்மொழி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிற்பாடு எல்லாரும் அவள்தான் கேட்டாள் என்று சாதித்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் புது லேப்டாப்பின் முன்னால் உட்கார வேண்டும், சிங்கப்பூர் கம்பெனிக்காரர்கள் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கேட்கிற கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

பாசிர் கூடாங்கில் அவள் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலை, வாஷிங் மெஷினுக்கு உள்ளே வைக்கிற போர்டு செய்கிற இடம், மார்ச் மாதம் மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போய்விட்டது. தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள், நாற்பத்தாறு வயதில் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிற தன் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பமாகப் போட்டுத் தள்ளினாள். கூப்பிட்டது ஒரே ஓர் இடம். அவர்களுடைய மின்னஞ்சலில் ஒளிவுமறைவு இல்லை. கைப்பேசி கூடாது, கணினிதான் வேண்டும். கேமராவில் முகமும் ஐசி என்கிற அடையாள அட்டையும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நேர்காணல் கிடையாது, வேறு தேதியும் கிடையாது. அதனால்தான் லேப்டாப்பே வாங்கினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அது வீட்டுக்கு வந்தது. கணவன் காளிதாஸ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் வருகிற எந்த இயந்திரமும் சாமியைப் பார்க்காமல் வேலை தொடங்கக் கூடாது என்பது அவர் கட்சி. பஸ்ஸுக்குச் செய்வதை அரைக்கிற மெஷினுக்கும் செய்தார், காற்றாடிக்கும் செய்தார். லேப்டாப்பைத் திறந்து சாமி மேடைக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு மூலைக்கும் நான்கு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். இது உருண்டு ஓடுகிற வண்டி இல்லை என்று தேன்மொழி சொல்லிப் பழத்தைப் பிடுங்கி வைப்பதற்குள், எரிகிற சூடத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்விட்டார். பிளாஸ்டிக் உருகிவிடுமே என்று அவர் கையைப் பிடித்து இழுப்பதிலேயே தேன்மொழிக்குப் பூசை முடிந்தது.

விபூதி நெற்றியில் காயவில்லை, குளுவாங்கிலிருந்து அண்ணன் கமலநாதன் அழைத்தார். குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அவர்தான் தலைவர். உலகத்தில் எதைப் பற்றியும் தெரியாது என்று அவர் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அங்கே அவருக்குத் தெரிந்த ஒருவர் எதையோ தட்டப்போய் சேமிப்பு முழுவதையும் திருடன் கையில் கொடுத்த கதையை அரை மணி நேரம் சொன்னார். கடைசியில் கட்டளை வந்தது. காவல் மென்பொருள் போடாமல் இன்டர்நெட்டைத் திறக்கக் கூடாது. நீலக் கேடயம் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், உடனே போடு.

"அண்ணே, வியாழக்கிழம முடியட்டும். அப்புறம் பாத்துக்கிறேன்."

"அதுக்குள்ள திருடன் வந்துட்டா? கதவே இல்லாத வீட்டுல படுப்பியா நீ?"

பயம் யாரை விட்டது? போட்டாள். கேடயம் உள்ளே வந்தது. வந்த கையோடு, உங்கள் கணினியில் நானூற்றுப் பதினேழு ஆபத்துகள் என்று சிவப்பு எழுத்தில் அலறியது. பெட்டியைப் பிரித்து மூன்று மணி நேரம்கூட ஆகாத சாமானில் நானூற்றுப் பதினேழு ஆபத்து எங்கிருந்து வந்தது என்று தேன்மொழி திரையையே கேட்டாள். பணம் கட்டினால் நீக்கித் தருவதாகக் கேடயம் சொன்னது.

செவ்வாய்க்கிழமை காளிதாஸ் மாமாக் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றின தே தாரிக் டீ குடித்துவிட்டு வேறு ஞானத்தோடு திரும்பினார். மற்ற டிரைவர்கள் எல்லாரும் கேடயம் வெறும் வாய்ச்சவடால் என்கிறார்களாம். புலிப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதாம், அதுவும் இலவசம்தானாம். இருக்கிறதை எடுக்க வேண்டாம், இதையும் சேர்த்துப் போடு, ஒன்று தூங்கினாலும் இன்னொன்று முழித்திருக்கும் என்றார். வாதாட நேரமில்லாமல் அதையும் போட்டாள்.

ஓர் உறையில் இரண்டு கத்தி எப்போது இருந்தது? புலி வந்ததும் கேடயத்தைத் திருடன் என்றது. கேடயம் புலியைத்தான் திருடன் என்றது. இரண்டும் மாறி மாறி அவளிடம் கோள் சொல்லின. ஒரு பக்கத்தைத் தட்டினால் அது திறப்பதற்குள் சோறு வடித்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்கு லேப்டாப் படுத்துக்கொண்டது. உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் பஸ் ஏற்றம் ஏறுகிற மாதிரி கேட்டது.

புதன்கிழமை காலையில் காளிதாஸ் வழக்கம்போலக் குளித்து, சாமி கும்பிட்டு, பஸ் சாவிக்கும் லேப்டாப்புக்கும் புதுசாகப் பொட்டு இட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகுதான் தேன்மொழி வீடியோ அழைப்பைச் சோதித்துப் பார்த்தாள். அவள் முகம் வர வேண்டிய கட்டத்தில் ஒன்றும் இல்லை. இருட்டு. சன்னலைத் திறந்தால் அந்த இருட்டு லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் கேடயம் எட்டிப் பார்த்துப் பெருமையாகச் சொன்னது: உங்கள் கேமராவை அந்நியர் கண்ணிலிருந்து பாதுகாத்துக்கொண்டிருக்கிறோம். ஆக, கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. யாருக்குச் சந்தேகம் வரும்?

கேடயத்தைக் கழற்ற உட்கார்ந்தாள். உண்மையாகவே போகச் சொல்கிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றாள். என்ன காரணம் என்று கேட்டது. ஏழு காரணங்களைக் காட்டி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. போகாமல் இருந்தால் பாதி விலை என்றது. கட்டிக்கொண்ட புருஷன்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை. ஒருவழியாக அது தொலைந்து, லேப்டாப் அணைந்து மறுபடி எழுந்தபோது, கட்டத்தில் அதே இருட்டு.

பிறகு புலியையும் விரட்டினாள். அப்போதும் இருட்டு. அண்ணனை அழைத்தாள். இதுதான் அவள் தானாகச் செய்த தப்பு, இதை அவளே ஒப்புக்கொள்வாள்.

"சிவப்பா தெரியுதா? அப்ப வைரஸ்தான்லா. கேடயம் போனதும் உள்ள பூந்திருக்கும்."

கழற்றினவை விட்டுப்போன குப்பையைக் கூட்டுவதற்கென்றே ஒன்று இருக்கிறது, துடைப்பான், அதுவும் இலவசம் என்றார். மூன்றாவதாக அது வந்தது. ஒரு மணி நேரம் கூட்டியது. ஆயிரத்துச் சொச்சம் குப்பை அள்ளினேன் என்றது. கட்டத்தில் இருட்டு இருந்த இடத்தில் இருட்டே இருந்தது. குடும்பக் குழுவில் அதற்குள் பதினோரு பேர் பதினோரு மென்பொருள் பெயரை அனுப்பியிருந்தார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். இங்கே தச்சனே பதினோரு பேர், மரம் ஒன்று. விற்ற கடையைக் கேட்டாள். கொண்டு வாருங்கள், மூன்று நாளில் பார்த்துத் தருகிறோம் என்றான் கடைக்காரன். அவளிடம் இருந்தது ஒரு நாள்கூட இல்லை.

அன்றைக்கு அவள் அழுதாள். வேலை போன அன்றுகூட அழாதவள். முகம் தெரியாததற்கு இல்லை. இருபத்தொரு வருஷம் ஆயிரக்கணக்கான போர்டுகளில் ஒரு மயிரிழைக் கீறலைக்கூடத் தப்பவிடாதவள், சொந்த வீட்டுச் சாமானில் ஒரு குறையைக் கண்டுபிடிக்க முடியாமல், கண்டவர் சொல்வதையெல்லாம் கேட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை காளிதாஸ் அரை நாள் லீவு போட்டிருந்தார். விசேஷ நாள் என்பதால் அன்றைக்குப் பூசையும் விசேஷம். ஒன்பது மணிக்கு அண்ணன் அழைத்து, இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றச் சொன்னார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். நாலு மணி நேரம் என்றார்.

"அண்ணே, போன வை. இனிமே யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லக் கூடாது."

பிறந்ததிலிருந்து அண்ணனிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. துடைப்பானையும் தூக்கிப் போட்டாள். மூன்று காவல்காரர்களும் வெளியேறியபின் திரையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. கணினியோடு கூடவே வந்த பாதுகாப்பு மீண்டும் இயங்குகிறது, நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவள் இரண்டு தடவை படித்தாள். வாங்கின அன்றிலிருந்தே உள்ளே ஒரு காவல் இருந்திருக்கிறது, அதுவும் இலவசமாக. கேடயம் வந்ததும் மரியாதையாக ஒதுங்கி நின்றுவிட்டிருக்கிறது. இதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மணி அடித்தாற்போல் எதிர்ப்பக்கம் தெரிந்தது. முக்காடு போட்ட ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் நுஸ்ரத், தரப் பிரிவின் மேலாளர் என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொண்டாள். அடுத்த வார்த்தையே, உங்களைப் பார்க்க முடியவில்லை என்பதுதான். தேன்மொழி மன்னிப்புக் கேட்டாள். புது லேப்டாப் என்றாள், மூன்று மென்பொருள் கதையைச் சொல்லத் தொடங்கி, ஆங்கிலம் காலை வாரிவிடத் தமிழில் முடித்தாள். நுஸ்ரத் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"எனக்கும் வருத்தமா இருக்குக்கா. ஆனா முகம் தெரியலன்னா நான் ஆரம்பிக்கவே முடியாது. அஞ்சு நிமிஷம்தான் காத்திருக்கலாம்."

அறைக் கதவுக்கு வெளியே காளிதாஸின் நிழல் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தது. காத்திருக்கிற நேரம் வீணாக வேண்டாம் என்றோ என்னவோ, நுஸ்ரத்தே தாளைப் புரட்டியபடி கேட்டாள்.

"குவாலிட்டில இருபத்தொரு வருஷம் போட்டிருக்கீங்க. உங்க லைன்ல ஒரு பீஸ் இப்படி வேலை செய்யாம வந்தா, முதல்ல என்ன செய்வீங்க?"

இதற்கு யோசிக்கவே வேண்டாம். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் முதல் நாளே மனப்பாடம் செய்யவைத்தது அது.

"பிரிக்க மாட்டேன். எதையும் கழட்ட மாட்டேன். முதல்ல வெளிய இருந்து கண்ணால பாப்பேன். மேலருந்து கீழ. அழுக்கு இருக்கா, கீறல் இருக்கா, எதாவது ஒட்டிக்கிட்டு..."

சொல்லிக்கொண்டே பழக்க தோஷத்தில் அவள் கண் லேப்டாப்பின் மேல் விளிம்பிலிருந்து இறங்கத் தொடங்கியது. விளிம்பின் நடுவில், காளிதாஸ் பஸ்ஸுக்குக் கண்ணாடிக்கு மேலே வைப்பாரே அதே இடத்தில், கட்டை விரல் அளவுக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். இன்றைக்கு விசேஷம் என்பதால் இரண்டு சுற்று கூடுதல்.

நான்கு நாளாக அது அவள் கண் எதிரே இருந்திருக்கிறது. போர்டில் ஒரு தூசியை விடாத கண்ணுக்கு அது அழுக்காகவே படவில்லை. பொட்டை யார் அழுக்கு என்று பார்ப்பார்கள்?

"அலமாக், ஐயையோ," என்றாள் மெதுவாக. துப்பட்டாவின் நுனியைப் பக்கத்துக் குவளைத் தண்ணீரில் தொட்டுத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர, எள்ளளவு கண்ணாடி ஒன்று அடியிலிருந்து வெளியே வந்தது. கட்டத்தில் அவள் முகம் தெரிந்தது. வீங்கின கண், விரலெல்லாம் சிவப்பு, நெற்றியில் அதே குங்குமம்.

நுஸ்ரத் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"பொட்டா?"

"பொட்டுதான். வீட்டுக்காரரு வச்சது. அது அங்க இருக்கிறத தினம் பாத்தேன், ஆனா பாக்கல."

வேலை போயிற்று என்றே தேன்மொழி முடிவு கட்டிவிட்டாள். நுஸ்ரத்தோ தாளில் எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் எழுதி வச்சிருந்த முதல் கேள்வியே அதுதான். இதுவரைக்கும் ஒன்பது பேர்கிட்ட கேட்டுட்டேன். எல்லாருமே மெஷினத் திறப்பேன்னாங்க. ஐசியக் காட்டுங்கக்கா, ஆரம்பிக்கலாம்."

முக்கால் மணி நேரம் நடந்தது. மற்ற கேள்விகளில் இரண்டுக்கு அவள் தடுமாறினாள். திரையில் வந்த பரீட்சையை நேரத்துக்குள் முடித்தாள். கடைசியில் நுஸ்ரத், வேலையில் சேர்வதற்கான மருத்துவப் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லி விவரம் அனுப்புவதாகச் சொன்னாள்.

கதவைத் திறந்தபோது காளிதாஸ் சலவை செய்த சட்டையோடு நின்றிருந்தார். எந்த மென்பொருள் கடைசியில் வேலை செய்தது என்று கேட்டார். அண்ணன் குழுவில் அதற்குள் எழுதியிருந்தார், அழித்து ஏற்றச் சொன்னது தான்தான் என்று. தேன்மொழிக்கு நான்கு நாள் கோபமும் தொண்டை வரைக்கும் வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அவள் கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்துக் காளிதாஸின் முகம் வெளுத்தது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வலது கை விரல்களைத் தப்பு செய்த பிள்ளைபோல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழம மெடிக்கலுக்கு வரச் சொல்லிட்டாங்க," என்றாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அது பஸ்ஸு இல்ல. அதுக்குக் கண்ணு நெத்தியிலதான் இருக்கு. நாளைலருந்து முதுகுல வைங்க."